காதுக்குள் நாற்காலி

செப்டம்பர் 18

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ நலமா? குளிர் ஆரம்பித்துவிட்டதாக எழுதியிருந்தாய். காதை மூடுகிற தொப்பி பெட்டியின் அடியில், நீலச் சட்டைக்குக் கீழே இருக்கிறது. அதைப் போட்டால் வெளிநாட்டில் படிக்கிறவன் மாதிரித் தெரியாது என்று சாக்குச் சொல்லாதே. எத்தனை படித்தாலும் உன் வலது காது அதே பழைய காதுதான்.

போனில் பேசினால் ஆளுக்கு இரண்டு முறை "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். கடிதமே நமக்குத் தோது.

இங்கே வார்டில் கூரை ஒழுகுகிறது. ஆறாம் எண் கட்டிலை ஒரே வாரத்தில் மூன்று இடம் மாற்றிவிட்டோம். அதில் படுத்திருக்கிற அம்மா, "சிஸ்டர், நான் நோயாளியா, பிரயாணியா?" என்று கேட்கிறார். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது உன்னை விசாரித்தார். உனக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தவர், மறக்காமல் அவருக்கு ஒரு வரி எழுதிப் போடு. அவரும் உன் பேராசிரியரும் ஒன்றாகப் படித்தவர்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

வகுப்பில் காட்ட, நோயாளிகள் சொல்வதை எழுதி வைத்த என்னுடைய வலி நோட்டிலிருந்து நாலு பக்கம் நகல் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாய். நோட்டெல்லாம் பரண் மேல் இருக்கிறது. என் முழங்காலை வைத்துக்கொண்டு இப்போது ஏறி இறங்க முடியாது. பிறகு பார்ப்போம்.

முதல் விடுமுறைக்கு அந்தப் பெரிய நகரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வா. அறையிலேயே கிடந்து ஊறாதே. புத்தகக் கடைகளை எனக்கும் சேர்த்துப் பார். இங்கே நான் கடையில் பத்து நிமிஷம் நின்றால், "வாங்குறீங்களா, வாசிக்கிறீங்களா?" என்கிறார்கள். அங்கே நாள் முழுக்க நின்றாலும் யாரும் கேட்பதில்லையாமே. உண்மையா என்று பார்த்து எழுது.

உன் அக்கா

அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். தொப்பி போட்டிருக்கிறேன், காதும் நலம். உன் முழங்காலுக்கு என்ன? யாரிடமாவது காட்டினாயா, அல்லது ஊருக்கெல்லாம் ஊசி போட்டுவிட்டு நீ மட்டும் நொண்டுகிறாயா?

சனிக்கிழமை நீ சொன்னபடியே நகரத்துக்குப் போனேன். விடியற்காலை ரயில். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் தெருவில் எல்லோரும் எதையோ பிடிக்க ஓடுகிற மாதிரி நடந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நானும் காரணமே இல்லாமல் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

முதல் கடை ஒரு சந்துக்குள். வாசலிலிருந்தே மாடிப்படி, படிக்குப் படி புத்தகம். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். சொன்னேன். "அது இன்னொண்ணு" என்றார். இரண்டாவது கடையில் எல்லாப் புத்தகத்துக்கும் பிளாஸ்டிக் உறை. தொட்டால் ஒரு பெண் இருமுகிறாள். மூன்றாவது ரயில் பாலத்துக்கு அடியில். மேலே ரயில் போகும்போதெல்லாம் அலமாரி நடுங்கும். கடைக்காரம்மா பேச்சை நிறுத்தாமலே ஒரு கையைத் தூக்கி மேல் வரிசையைப் பிடித்துக்கொள்வாள், ரயில் போனதும் விடுவாள். உனக்கு அந்தக் கடைதான் பிடித்திருக்கும். உன்னைப் போல அவளும் ஒரு வேலையைச் செய்துகொண்டே இன்னொரு வேலையைச் செய்கிறவள்.

நாலாவது கடைக்குப் போகாமலே திரும்பியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நான்கு மாடி. மூன்றாவது மாடி முழுக்க மருத்துவம். புதிதாக வந்த புத்தகங்களை நடு மேஜையில் அடுக்கியிருந்தார்கள். அதில் ஒன்று, "நோயாளி சொன்ன சொல்". பின் அட்டையில் கைகட்டிக்கொண்டு சிரிப்பது நம் பெரிய டாக்டர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம ஊர்க்காரர், நம்ம ஆஸ்பத்திரி! பக்கத்தில் நின்றவனிடம் "இவரை எனக்குத் தெரியும்" என்றுகூடச் சொன்னேன். புரட்டினேன். வலியை நோயாளிகள் எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்பதுதான் புத்தகம். ஒருவர் குடைகிறது என்கிறார், ஒருவர் பிசைகிறது என்கிறார், கல்லுடைக்கிறவர் "முதுகுல யாரோ வெயிலை வெச்சிட்டுப் போயிட்டாங்க" என்கிறார். எல்லாம் இந்த ஊர் மொழியில். நாற்பத்தோராம் பக்கத்தில்: ஒன்பது வயதுப் பையன், காதுவலி. "உள்ளே யாரோ நாற்காலியை இழுக்கிறாங்க."

அக்கா, நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சொன்னது நான்தானே. பயிற்சியிலிருந்து லீவில் வந்திருந்த நீ, என்னை மடியில் போட்டுக்கொண்டு காதில் மருந்து விட்டுவிட்டு, "நல்லாச் சொன்னேடா" என்று ஒரு நோட்டில் எழுதினாய். உன் முதல் நோட்டின் முதல் வரி அது. பிறகு பதினான்கு ஆண்டுகள், பதினான்கு நோட்டுகள். இடது பக்கம் கட்டில் எண்ணும் வயதும் மணியும், வலது பக்கம் அவர்கள் வாயிலிருந்து வந்த சொல். உனக்கும் எனக்கும் போய்ச்சேர்ந்த அம்மாவுக்கும் தவிர யாருக்குத் தெரியும்?

சிரிப்பு நின்றது. நன்றிப் பக்கத்தைத் தேடினேன். மனைவிக்கு நன்றி. இரண்டு அறக்கட்டளைகளுக்கு நன்றி. எழுதும்போது காலடியில் படுத்திருந்த நாய்க்கு, பெயர் போட்டு நன்றி. கடைசியில், "என் கேள்விகளைப் பொறுத்துக்கொண்ட வார்டு ஊழியர்களுக்கு." உனக்குக் கிடைத்தது அந்த ஒரு வரியில் ஒரு ஓரம்.

நின்றபடியே படித்தேன். ஒரு பணிப்பெண் எனக்காக ஒரு நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்து வந்து போட்டாள். ஆமாம், இங்கே யாரும் "வாங்குறீங்களா" என்று கேட்பதில்லை. பாதிதான் முடிந்தது. புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பதினான்கு நோட்டுகளையும் பதிவுத் தபாலில் உடனே அனுப்பு. பதிப்பாளருக்கு எழுதப் போகிறேன். எப்போது திருடினார், எப்படித் திருடினார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

தம்பி

நவம்பர் 20

அன்புத் தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல். கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. இரண்டு பேர் லீவு, அதனால் எழுத முடியவில்லை.

பாலத்துக்கு அடியிலிருக்கும் கடையை நினைத்து நினைத்துச் சிரித்தேன். கூரை இன்னும் ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறோம். சரக்கு அறையிலிருந்து வந்த வாளியிலும் ஓட்டை.

புத்தகத்தைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன். அதை உன் பேராசிரியரிடமோ வேறு யாரிடமோ பேச வேண்டாம். காது எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

டிசம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதுவது பழக்கதோஷம். நலமாக இல்லை.

ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தால் வாளியைப் பற்றி எழுதுகிறாய். பரணில் ஏற உனக்கு முழங்கால் இல்லையென்றால், உன் வார்டில் இருக்கிற அந்த வாயாடி சிஸ்டரை ஏறச் சொல். அவள் அட்டெண்டரையே ஏறி மிதிக்கிறவள்.

உனக்கு எப்பவும் பயம், அக்கா. "சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்" என்று சொல்லிச் சொல்லி உன் நாக்குக்கு வேறு வார்த்தையே வராமல் போய்விட்டது. நோயாளி பெயரை எழுதக் கூடாது, அது அவர்கள் மானம் என்று நோட்டுக்கு விதி வைத்தாய். சரி. உன் பெயரை எழுதவும் எவனாவது தடுத்தானா? பதினான்கு அட்டையில் ஒன்றிலாவது உன் பெயர் இருக்கிறதா? இல்லை. எடுத்துக்கொண்டு போக அவருக்கு எவ்வளவு வசதி!

கேள். மார்ச் மாதம் பெரிய டாக்டர் இங்கேயே வருகிறார். அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச என் பேராசிரியர்தான் அழைத்திருக்கிறார். ஒரே ஊர்க்காரன் என்று என்னையே ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார். நன்றாகக் கூட்டி வருகிறேன். முந்நூறு பேர் உட்காரும் மண்டபம். எழுந்து நின்று, "அந்தக் காது என்னுடையது, அந்த நோட்டு என் அக்காவுடையது" என்று சொல்லப் போகிறேன். புத்தகம் என் தலைமாட்டிலேயே இருக்கிறது. நோட்டும் கையில் இருந்தால் அவர் வாயைத் திறக்க முடியாது.

அனுப்பு.

தம்பி

ஜனவரி 2

அக்கா,

பதில் இல்லையே. உடம்புக்கு ஏதாவதா? கோபமா? கோபமென்றால் திட்டியாவது ஒரு வரி எழுது.

தம்பி

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. கோபம் வந்தது, போய்விட்டது.

பரண் காலி. அங்கே உடைந்த தொட்டிலும் அம்மாவின் இரும்புப் பெட்டியும்தான் இருக்கின்றன.

யாரும் திருடவில்லை. நானேதான் இரண்டு துணிப்பைகளில் போட்டு அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உனக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டு மூன்றாவது முறை போயிருந்தேன். அவர் தட்டிக்கழிக்கவில்லை, அதே சமயம் எழுதியும் கொடுக்கவில்லை. அன்றைக்கு, "நீங்க ஏதோ நோட்டு எழுதி வெச்சிருக்கீங்களாமே சிஸ்டர், படிச்சுப் பார்க்கணுமே" என்றார். "தம்பி விஷயமும் பார்த்துடலாம்" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். இதற்கு அது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் நோட்டோடு போனேன். பைகளை மேஜையில் வைத்தேன். நான் நிற்கும்போதே கடிதம் டைப் ஆகி வந்தது. பைகளை மட்டும் காலி செய்து, மடித்து, திருப்பிக் கொடுத்தார். நாகரிகமான மனுஷர்.

அவர் இப்படிப் புத்தகம் போடுவார் என்று தெரியுமா என்று கேட்காதே. நோட்டு திரும்பி வராது என்று தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். அதைவிட நீ போக வேண்டும் என்று எனக்கு இருந்தது, அவ்வளவுதான். பயம் என்று எழுதியிருந்தாய். பயந்தவள் நடுப்பகலில் இரண்டு பைகளைச் சுமந்துகொண்டு அந்த வாசலில் நிற்க மாட்டாள்.

அதனால் மண்டபத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார். நீ எழுந்து நின்றால் அவருக்கு ஒரு நாள் சங்கடம். உனக்குப் படிப்பே போகும். பிறகு நான் எதைக் கொடுத்து எதை வாங்கினேன் என்று ஆகிவிடும்.

ஒன்றே ஒன்று மட்டும் பார்த்து எழுது. பதினான்காவது நோட்டின் கடைசிப் பக்கங்கள் அம்மாவுடையவை, நம் வார்டில் அவள் படுத்திருந்த கடைசி நாட்கள். கட்டில் எண் பதினொன்று, வயது ஐம்பத்தாறு. அந்தப் புத்தகத்தில் அம்மாவை என்ன போட்டிருக்கிறார்கள்?

அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. டிசம்பரில் எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. இனிமேல் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். நீ சொன்னபடியே இருப்பேன்.

இங்கே பனி. குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. பரீட்சையில் வகுப்பிலேயே முதல் மூன்று பேரில் வந்திருக்கிறேன். பேராசிரியர் தோளைத் தட்டினார்.

அம்மாவின் பக்கம் கேட்டிருந்தாய். புத்தகத்தை ஒரு நண்பன் வாங்கிப் போயிருக்கிறான். வந்ததும் பார்த்து எழுதுகிறேன்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி

பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நண்பன் புத்தகத்தைத் திருப்பித் தந்தானா? அவசரமில்லை, வைத்துக்கொள்ளச் சொல். பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டு ஒன்றை நம் ஆஸ்பத்திரிக்கே கொடுத்திருக்கிறார். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தது. புதிதாக வந்திருக்கிற டாக்டரம்மாவுக்கு அந்த மொழி தெரியும். சாவி வாங்கி, சாப்பாட்டு வேளையில் எனக்குப் படித்து அர்த்தம் சொன்னாள். இருநூற்று மூன்றாம் பக்கம். நீ படித்திருப்பாய்.

"வலியை உணராதவர்கள்" என்று ஒரு தனி அத்தியாயம். ஐம்பத்தாறு வயதுப் பெண், வயிற்றில் புற்று. முப்பத்தாறு நாள் தினமும் கேட்டும் வலி இல்லை என்றே சொன்னார். இப்படிப்பட்டவர்களுக்கு வலி மருந்தைக் கூட்டத் தேவையில்லை.

முப்பத்தாறு நாளும் அம்மா சொன்னது "ஒண்ணுமில்லை" என்ற ஒரே சொல். மணி போட்டு அதையே எழுதினேன். காலை ஆறு பத்து, ஒண்ணுமில்லை. பகல் பன்னிரண்டு, ஒண்ணுமில்லை. எழுதிவிட்டு, கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவள் கையை விரல் விரலாகப் பிரித்து எடுப்பேன். உள்ளங்கையில் கம்பியின் தடம் இருக்கும். அதை நான் நோட்டில் எழுதவில்லை. எனக்குத் தெரியுமே, எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டேன். பதினான்கு ஆண்டில் நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

நீ அப்போது ஹாஸ்டலில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். வார்டு போனில் கேட்டாய். "எனக்கு ஒண்ணுமில்லைடா, நீ படி" என்றாள். நீ நம்பினாய். டாக்டரும் நம்பியிருக்கிறார். அவருக்காவது அவள் வேற்று வீட்டுப் பெண்.

ஜனவரியில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். நோட்டும் பெயரும் அவரே வைத்துக்கொள்ளட்டும், அது நான் கொடுத்தது. இந்தப் பக்கத்தை நான் கொடுக்கவில்லை. இதைப் படித்துவிட்டு எங்கோ ஒரு டாக்டர், எவளோ ஒருத்திக்கு மருந்தைக் குறைப்பார். நீ மண்டபத்தில் எழுந்து நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்: அந்த அம்மாவுக்கு வலித்தது. என் பெயர் வேண்டாம், நோட்டுப் பேச்சு வேண்டாம். மகன் சொல்கிறேன் என்று சொல், போதும். அதற்காக உன் படிப்பு போனால் போகட்டும். நானே சொல்கிறேன்.

உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அக்கா

மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா? முழங்கால் எப்படி இருக்கிறது?

கூட்டம் நல்லபடியாக முடிந்தது. ஸ்டேஷனிலிருந்து நான்தான் பெரிய டாக்டரைக் கூட்டி வந்தேன். வழியெல்லாம் உன்னைப் பற்றித்தான் பேச்சு. "உங்க அக்கா மாதிரி ஒரு சிஸ்டர் கிடைக்க மாட்டாங்க" என்றார். மண்டபம் நிறைந்து, சுவரோரமாகவும் நின்றார்கள். நாற்காலி இழுக்கிற பையன் கதையைச் சொன்னதும் ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொல்கிற விதம் அப்படி.

நீ எழுதியது நினைவில் இருந்தது. ஆனால் கேள்வி நேரம் போதவில்லை. இரண்டு பேர் கேட்டதும் முடித்துவிட்டார்கள். அப்புறம் வெளியே ஒரு மணி நேரம் எல்லோரும் நின்று காப்பி குடித்தோம். சுற்றிலும் பெரிய பெரிய ஆட்கள். அந்த இடத்தில் எப்படி ஆரம்பிப்பது என்று நீயே சொல். பேராசிரியர் என் தோளில் கை போட்டு, "இவன் நம்ம பையன்" என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். பெரிய டாக்டர் தலையாட்டினார்.

ஒரு நல்ல செய்தி. ஆராய்ச்சிப் படிப்புக்கு எனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் மூன்று ஆண்டு. இன்னொன்று, அந்தப் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வருகிறது. நம் மொழி தெரிந்தவன் என்று சொற்களைச் சரிபார்க்கும் வேலையை என்னிடம் தந்திருக்கிறார்கள். நன்றிப் பக்கத்தில் என் பெயர் வரும். அம்மாவின் பக்கத்தை அப்போது பக்குவமாக எடுத்துச் சொல்லிப் பார்க்கிறேன். சொற்களை மட்டும் பார்த்தால் போதும், அத்தியாயத்தைத் தொட வேண்டாம் என்றுதான் இப்போதைக்குச் சொல்லியிருக்கிறார்கள். பார்ப்போம்.

உன்னால்தான் இதெல்லாம். உடம்பைப் பார்த்துக்கொள். எப்படி இருக்கிறாய் என்று மறக்காமல் எழுது.

தம்பி

ஏப்ரல் 16

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கேள்விக்கு நேரமில்லை, காப்பிக்கு ஒரு மணி நேரம் இருந்திருக்கிறது. நல்ல காப்பியாக இருந்திருக்கும்.

கூரையைச் சரிசெய்துவிட்டார்கள். ஆறாம் எண் கட்டில் ஆறாம் இடத்துக்கே வந்துவிட்டது. அதில் இப்போது வேறு ஒரு அம்மா. எப்படி இருக்கிறது என்று கேட்டால் சிரிக்கிறார். புது டாக்டரம்மா அட்டவணையில் "வலி இல்லை" என்று எழுதப் போனாள். "போர்வையைத் தூக்கிக் கையைப் பாரும்மா" என்றேன். பார்த்தாள். பேனாவை மூடிக்கொண்டு மருந்தைக் கூட்டிவிட்டுப் போனாள்.

நன்றிப் பக்கத்தில் உன் பெயரைப் போடும்போது எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துக்கொள். நாய்க்குப் பக்கத்தில் வந்தாலும் பரவாயில்லை.

குளிர் குறைந்திருக்கும், தொப்பியைத் துவைத்து எடுத்து வை. அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

நான் எப்படி இருக்கிறேன் என்று இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறாய்.

எனக்கு ஒண்ணுமில்லைடா. நீ படி.

அக்கா